ஈயம் கடைசி வழி: ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும்) விமானக் கேள்வி பதில்

புது மாடலை ஒட்டி முடித்து, முதல் பறப்புக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்கள் எழுதிய கேள்விகளே இம்முறை அதிகம். எடைச் சமநிலை பற்றிப் பலர் ஒன்றையே வேறு வேறு விதமாகக் கேட்டிருப்பதால், அவற்றை முதல் கேள்வியில் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: மேல் இறக்கை டிரெயினர் (பறக்கப் பழகும் மாடல்). மேனுவலில் சி.ஜி. (எடையின் மையம்) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 70 முதல் 80 மி.மீ. என்று போட்டிருக்கிறது. இரண்டு விரலில் தூக்கினால் வால் தொங்குகிறது, 82 மி.மீ.யில் வைத்துத் தூக்கினால்தான் நேராக நிற்கிறது. மொத்த எடை 1200 கிராம். பேட்டரி 3எஸ் (மூன்று செல்), 2200 எம்.ஏ.எச். (மின் கொள்ளளவு), 180 கிராம். 70இல் வைப்பதா, 80இல் வைப்பதா? மூக்கில் எவ்வளவு ஈயம் வைக்க வேண்டும்?

பதில்: முதல் பறப்புக்கு 70. அதில் யோசிக்கவே வேண்டாம். சி.ஜி. முன்னால் இருந்தால் எலவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) மந்தமாக வேலை செய்யும், தரையிறங்கும்போது வேகம் கூடும், அவ்வளவுதான் நஷ்டம். பின்னால் போனால் எலவேட்டரைத் தொட்டாலே விமானம் துள்ளும். மூக்கு ஏறும், வேகம் குறையும், ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும்), அதிலிருந்து மீட்க உங்களுக்கு நேரம் கிடைக்காது.

2 மி.மீ.தானே கூடுதல் என்று தோன்றும். உங்கள் இறக்கையின் அகலம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 70க்கும் 82க்கும் உள்ள 12 மி.மீ. என்பது அகலத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். இந்த வகை டிரெயினர்களில் சி.ஜி.க்கும், அதைத் தாண்டினால் விமானம் தானாக நிலைக்கு வராது என்ற புள்ளிக்கும் நடுவே பொதுவாக 10 முதல் 15 சதவீதம்தான் இடைவெளி விடுவார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பறப்பதற்கு முன்பே செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் அளவைச் சரியாக எடுங்கள். விரல் நுனி அகலமானது, சதைப்பற்றுள்ளது. 4, 5 மி.மீ. பிழை சாதாரணமாக வரும். ஒரு மரத்துண்டில் இரண்டு துளை போட்டு, பின்பக்கம் ரப்பர் வைத்த இரண்டு பென்சில்களை ரப்பர் மேலே வரும்படி செங்குத்தாக நட்டுவிடுங்கள். இடைவெளி உடலின் அகலத்தைவிட 2 செ.மீ. அதிகம் இருந்தால் போதும். இறக்கையின் அடிப்பக்கத்தில், உடலை ஒட்டி இரு புறமும், முன்விளிம்பிலிருந்து 70 மி.மீ.யில் மெல்லிய டேப் ஒட்டி, அந்தக் கோட்டில் ரப்பர்கள் படும்படி விமானத்தை ஏற்றி வையுங்கள். கையை எடுத்ததும் மூக்கு மெல்லத் தாழ்ந்து, உடல் ஏறத்தாழ கிடைமட்டத்தில், மூக்கு ஒரு சாயல் கீழே இருக்கும்படி நிற்க வேண்டும். பேட்டரி, புரொப்பெல்லர், ஸ்பின்னர், சக்கரம், மூடி, கடைசி ஸ்க்ரூ வரை எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பின்னரைக் கழற்றி வைத்துவிட்டு சி.ஜி. பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. மொத்த எடையை நகர்த்த வேண்டிய தூரத்தால் பெருக்குங்கள்: 1200 × 12 = 14400. பேட்டரியை மட்டும் நகர்த்திச் சரிசெய்ய 14400 ÷ 180 = 80 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும். பேட்டரி அறையில் 50 மி.மீ.தான் இடம் இருக்கிறது என்றால், 180 × 50 ÷ 1200 = 7.5 மி.மீ. சரியாகிவிடும், மிச்சம் 4.5. அதற்கு ஈயம்: மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 70 மி.மீ. கோட்டிலிருந்து 240 மி.மீ. முன்னால் என்றால், 1200 × 4.5 ÷ 240 = 22.5 கிராம். பேட்டரியைத் தொடாமல் நேராக ஈயத்துக்குப் போயிருந்தால் 60 கிராம் ஆகியிருக்கும்.

ஈயம் கடைசி வழி. அதற்கு முன் வாலைப் பாருங்கள். வால் சக்கரமோ, கனமான புஷ்ராடோ (பலகையைத் தள்ளி இழுக்கும் கம்பி), தாராளமாக வழித்துவிட்ட எபாக்ஸிப் பசையோ கோட்டிலிருந்து 720 மி.மீ. பின்னால் இருந்தால், அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் 3 கிராமை மிச்சப்படுத்தும். வாலில் 5 கிராம் குறைத்தால் 15 கிராம் ஈயம் தேவையில்லை. வால் சர்வோக்களை (பலகைகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) முன்னால் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

கட்டாயம் ஈயம்தான் என்றால், கார் சக்கரத்தில் ஒட்டும் 5 கிராம் எடைத்துண்டுகள் வசதி. ஆனால் அவற்றின் பசையை நம்பாதீர்கள். மோட்டார் சூட்டில் இளகி, மூக்கிலிருந்து கழன்று உடலுக்குள் பின்னால் உருண்டால் கதை முடிந்தது. எபாக்ஸி போட்டு ஒட்டி, முடிந்தால் ஒரு ஸ்க்ரூவும் போடுங்கள். பேட்டரிக்கும் அதேதான்: வெல்க்ரோ மட்டும் போதாது, சுற்றி ஒரு பட்டையும் வேண்டும். பேட்டரி முன்விளிம்பு வரும் இடத்தில் அறையின் தரையில் பேனாவால் கோடு போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: க்ளோ என்ஜின் (எரிபொருளில் ஓடும் சிறு என்ஜின்) போட்ட கீழ் இறக்கை விமானம். டேங்கை நிரப்பி சி.ஜி. பார்க்க வேண்டுமா, காலியாகவா? ரப்பர் மேல் வைத்தால் நிற்காமல் ஒரு பக்கமாகவே கவிழ்கிறது.

பதில்: காலி டேங்க். டேங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால் இருக்கும். எரிபொருள் தீரத் தீர மூக்கு லேசாகி, சி.ஜி. பின்னுக்குப் போகும். தரையிறங்கும்போதுதான் மிகவும் பின்னால் இருக்கும். அந்த நேரத்து நிலையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கவிழ்வதற்குக் காரணம், எடையின் மையம் தாங்கும் புள்ளிக்கு மேலே இருப்பது. கீழ் இறக்கை விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி, இறக்கையின் மேல் பரப்பில் குறி வைத்துத் தூக்குங்கள், அமைதியாக நிற்கும். சக்கரம் உள்ளே மடங்கும் மாடல் என்றால் மடக்கிய நிலையில் பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் சக்கரங்கள் சி.ஜி.யைச் சில மி.மீ. பின்னால் இழுத்துவிடும்.

கேள்வி: நானே வரைந்து கட்டிய விமானம். இறக்கை நுனியை நோக்கிக் குறுகி, கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கிறது. மேனுவல் கிடையாது. சி.ஜி. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதே இறக்கையில் வால் இல்லாத ஒன்றும் கட்ட நினைக்கிறேன்.

பதில்: நேரான இறக்கையில் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதம் என்று சொல்லிவிடலாம். குறுகிச் சாயும் இறக்கையில் எந்த அகலம் என்ற கேள்வி வரும். அதற்குத்தான் சராசரி அகலம். நீங்கள் அளவு அனுப்பவில்லை. ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறோம். உடலருகே அகலம் 300, நுனியில் 200, ஒரு பக்க நீளம் 700, நுனியின் முன்விளிம்பு 60 மி.மீ. பின்னால்.

இரு அகலங்களின் பெருக்கலை அவற்றின் கூட்டலால் வகுங்கள்: 300 × 200 ÷ 500 = 120. கூட்டலிலிருந்து அதைக் கழியுங்கள்: 380. அதில் மூன்றில் இரண்டு பங்கு 253. இதுதான் சராசரி அகலம். அது உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? 700 ÷ 3 × (300 + 200 + 200) ÷ 500 = 327 மி.மீ. அந்த இடத்தில் முன்விளிம்பு 60 × 327 ÷ 700 = 28 மி.மீ. பின்தள்ளியிருக்கும். 253இல் 25 சதவீதம் 63. ஆக, உடலருகே முன்விளிம்பிலிருந்து 28 + 63 = 91 மி.மீ. முதல் பறப்புக்கு அதுவே நல்ல இடம். பிறகு 99 வரை, அதாவது 28 சதவீதம் வரை, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பார்க்கலாம்.

கணக்கு பிடிக்காதவர்கள் காகிதத்தில் வரையலாம். உடலருகே உள்ள அகலக் கோட்டைப் பின்னால் நுனி அகலத்தின் அளவுக்கு நீட்டுங்கள். நுனி அகலக் கோட்டை முன்னால் உடலருகே உள்ள அகலத்தின் அளவுக்கு நீட்டுங்கள். இரு முனைகளையும் கோடு போட்டு இணையுங்கள். அகலங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோட்டை அது வெட்டும் இடத்தில்தான் சராசரி அகலம். ஸ்கேல் பிசகாமல் வரைந்தால் கணக்கோடு ஒத்துப்போகும்.

வால் இல்லாத இறக்கைக்கு இதே கோடுதான், சதவீதம் மட்டும் 15 முதல் 20. மேலே உள்ள அளவுக்கு 28 + 38 = 66 மி.மீ.யில் தொடங்குங்கள். இரண்டு எலவான்களும் (ஏற்றி இறக்கவும் சாய்க்கவும் உதவும் இறக்கைப் பலகைகள்) நடுநிலையிலேயே 2, 3 மி.மீ. மேல்நோக்கி இருக்க வேண்டும். தட்டையாக வைத்துக் கையால் வீசினால் மூக்கு நேராகத் தரைக்குப் போகும். வாலுள்ள விமானம் 5 மி.மீ. பிழையைப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

கேள்வி: லூப் (செங்குத்து வட்டம்) அடித்தால் நேராக முடியாமல் எப்போதும் வலது இறக்கை சாய்ந்து வெளியே வருகிறது. நேராகப் பறக்கும்போது ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) டிரிம்மில் (ஸ்டிக்கின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: வலது இறக்கை கனம். டிரிம் அதை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மறைக்கிறது. லூப்பில் மேலே இழுக்கும்போது எல்லா எடையும் சில மடங்கு கூடுவதால், இறக்கைகளுக்கு இடையே உள்ள வித்தியாசமும் அதே மடங்கு கூடி வெளியே தெரிகிறது. தரையிறங்கும்போது வேகம் குறைந்தால் அதே இறக்கை திடீரென்று தொங்கும் ஆபத்தும் உண்டு.

புரொப்பெல்லர் தண்டில் ஒரு நூல், வால் முனையில் ஒரு நூல் கட்டித் தூக்குங்கள். ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்பச் சாய்கிறதா என்று நாலைந்து முறை பாருங்கள். லேசான பக்கத்து நுனியில் சின்ன எடையை டேப்பால் ஒட்டி, சமமானதும் உள்ளே புதைத்துவிடுங்கள். நடுத்தர மாடலில் பெரும்பாலும் 3 முதல் 10 கிராமுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ஏலரான் டிரிம்மைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி டிரிம் செய்யுங்கள். எடை சமமாக இருந்தும் சாய்ந்தால், பின்னால் 3 மீட்டர் தள்ளி நின்று இறக்கையைப் பாருங்கள்; ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். கவரிங் பிலிம் போட்ட இறக்கையென்றால் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு அயர்ன் வைத்து மறுபடி சுருக்கினால் நேராகும்.

கேள்வி: எலவேட்டர் நடுநிலைக்கு வர சப்-டிரிம் (ரேடியோவில் சர்வோவின் நடுநிலையை நகர்த்தும் எண்) 60 வரை போக வேண்டியிருக்கிறது. மேலே 15 மி.மீ. போகிறது, கீழே 9தான். ரேடியோவில் கீழ்ப்பக்க எண்ட் பாயிண்ட்டை (அசைவின் எல்லை) கூட்டினால் போதுமா?

பதில்: போதாது. கோளாறு ரேடியோவில் இல்லை, சர்வோக் கையில் (சர்வோவின் தண்டில் மாட்டும் நெம்பு) இருக்கிறது. கை புஷ்ராடுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்பதால், ஒரு பக்கம் திரும்பும்போது அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுக்கிறது. இதை எண்களால் மூடி மறைத்தால் சர்வோவின் பாதி ஓட்டத்தை வீணடித்ததாகும்.

புஷ்ராடைக் கழற்றுங்கள். டிரிம், சப்-டிரிம் எல்லாம் பூஜ்யம். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டையும் போட்டு சர்வோ நடுநிலைக்கு வந்த பிறகு, கையைக் கழற்றிச் செங்குத்துக்கு மிக அருகில் வரும் பல்லில் மாட்டுங்கள். 25 பல் உள்ள தண்டில் ஒரு பல் 14.4 டிகிரி, அதனால் எப்போதும் சரியாக உட்காராது. நாலு கை உள்ள சர்வோ ஹார்னை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கையாக மாற்றிப் பாருங்கள். 25 நாலால் வகுபடாது என்பதால் ஒவ்வொரு கையும் கால் பல், அதாவது 3.6 டிகிரி, வித்தியாசமாக நிற்கும். ஒன்று கிட்டத்தட்டச் செங்குத்தாக அமையும். மற்ற மூன்றையும் வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கும் சொச்சத்துக்குச் சப்-டிரிம் 10, 15 போட்டால் தவறில்லை. எலவேட்டரை நேராக்குவது க்ளெவிஸை (புஷ்ராட் நுனியில் உள்ள மரைக் கொக்கி) திருகித்தான். மரை குறைந்தது 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும், மேலே சிலிக்கோன் வளையமும் வேண்டும்.

இதோடு துளைகளையும் பாருங்கள். எலவேட்டர் ஹார்னின் (பலகையில் புஷ்ராட் மாட்டும் கொம்பு) துளை கீலின் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். முன்னேயோ பின்னேயோ இருந்தால் அங்கேயும் இதே மேல்கீழ் வித்தியாசம் வரும். அசைவு அதிகமாக இருக்கிறது என்று எண்ட் பாயிண்ட்டை 40 சதவீதமாக்குவதைவிட, சர்வோக் கையில் உட்துளைக்கும் ஹார்னில் வெளித்துளைக்கும் போங்கள். கையில் 8 மி.மீ., ஹார்னில் 16 மி.மீ. என்றால் சர்வோ திரும்புவதில் பாதிதான் எலவேட்டர் திரும்பும். பலம் இரட்டிப்பாகும், சர்வோவின் ஆட்டம் பாதியாகும்.

கேள்வி: த்ரோ (பலகை அசையும் அளவு) எத்தனை மி.மீ.? எத்தனை டிகிரி? எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) போட்டால் இன்னும் துள்ளலாகிவிட்டது.

பதில்: 1.2 முதல் 1.5 மீட்டர் டிரெயினருக்கு ஏலரான் 10, எலவேட்டர் 12, ரடர் (வாலின் செங்குத்துப் பலகை) 20 மி.மீ. என்று தொடங்கலாம். அளப்பது பின்விளிம்பில், மிக அகலமான இடத்தில். டிகிரி வேறு, மி.மீ. வேறு: 40 மி.மீ. அகல ஏலரானில் 10 மி.மீ. என்பது சுமார் 14 டிகிரி; 60 மி.மீ. அகலத்தில் அதே 10 மி.மீ. 10 டிகிரிக்கும் குறைவு. அதனால் வேறு மாடலின் மி.மீ. அளவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

எக்ஸ்போவின் குறியைப் பாருங்கள். ஃபுடாபா ரேடியோவில் நடுவை மென்மையாக்க மைனஸ், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் பழைய எண்ணை அப்படியே போட்டு வாங்கிக்கட்டிக்கொள்வது வழக்கம். 25 முதல் 30 சதவீதம் போதும். ஸ்டிக்கைப் பாதி தள்ளும்போது ஏலரான் பாதிக்கும் குறைவாக அசைந்தால் குறி சரி.

தட்டை அடி இறக்கையில் ஏலரான் கொடுத்தால் மூக்கு எதிர்ப்பக்கம் போகிறதா? இறங்கும் ஏலரானின் இழுவைதான் காரணம். மேலே 12, கீழே 8 என்று டிஃபரன்ஷியல் வையுங்கள்.

கேள்வி: தரையை விட்டு எழும்பியதுமே இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன், இன்னும் வேகமாக இடது பக்கமே உருண்டு விழுந்தது. மோட்டார் டார்க் (திருப்பு விசை) காரணமா?

பதில்: முதலில் சாய்ந்ததற்கு டார்க் காரணமாக இருந்திருக்கலாம். வலது கொடுத்தும் இடது பக்கம் உருண்டதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஏலரான் தலைகீழாக வேலை செய்திருக்கும். விழுந்த விமானத்தின் சர்வோ இன்னும் ஓடினால் ஸ்டிக்கை அசைத்துப் பாருங்கள், உறுதியாகிவிடும்.

ஏலரான் அசைகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பதில்லை. அதிலும் மூக்குக்கு எதிரே நின்று பார்த்தால் இடம் வலமாகிவிடும். எப்போதும் வாலுக்குப் பின்னால் நில்லுங்கள். ஸ்டிக் போகும் பக்கத்து ஏலரான் மேலே வர வேண்டும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலவேட்டர் மேலே. ரடர் ஸ்டிக் வலது என்றால் ரடரின் பின்விளிம்பு வலது. ரிசீவரையோ சர்வோவையோ மாற்றிய பிறகும், ரேடியோவில் வேறு மாடல் மெமரி ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பிருப்பதால் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும், இதைச் செய்யுங்கள். 10 விநாடி வேலை.

கேள்வி: த்ராட்டில் (மோட்டார் விசை) கொடுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. டவுன் த்ரஸ்ட் (மோட்டாரைக் கீழ்நோக்கிச் சாய்ப்பது) வைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு?

பதில்: வைப்பதற்கு முன் நோய் எது என்று பாருங்கள். இரண்டு வேறு கோளாறுகள் ஒரே மாதிரி தெரியும்.

அமைதியான காற்றில், பாதி த்ராட்டிலில் நேராகப் பறக்கும்படி டிரிம் செய்து, நல்ல உயரத்தில் சட்டென்று முழு த்ராட்டில் கொடுங்கள். வேகம் கூடுவதற்கு முன்பே, முதல் விநாடியிலேயே மூக்கு துள்ளினால் மோட்டாரின் கோணம்தான் பிரச்சினை. மூன்று நாலு விநாடி கழித்து, வேகம் ஏற ஏற மெல்ல மூக்கு எழும்பினால், சி.ஜி. அதிகமாக முன்னால் இருந்து அதை எலவேட்டர் மேல் டிரிம்மால் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வேகம் கூடினால் அந்த மேல் டிரிம்மின் பலமும் கூடும். ஏறாமல் என்ன செய்யும்? தட்டை அடி டிரெயினரில் கொஞ்சம் ஏறுவது அதன் பிறவிக் குணம், அதை நோயாக நினைக்க வேண்டாம்.

சி.ஜி.யை உறுதிசெய்ய டைவ் சோதனை. பாதி த்ராட்டிலில் டிரிம் ஆன நிலையிலிருந்து த்ராட்டிலைக் குறைத்து, மூக்கை 30 டிகிரி கீழே இறக்கி, ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வேகமாக வளைந்து மேலே வந்தால் மூக்கு கனம். மெதுவாக, சோம்பலாக நிமிர்ந்தால் சரி. நிமிராமல் இன்னும் செங்குத்தாகக் குத்தினால் வால் கனம். உடனே மீட்டு இறக்கிவிடுங்கள், அன்றைக்கு அத்தோடு போதும். சி.ஜி.யை ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டாம். நகர்த்திய ஒவ்வொரு முறையும் எலவேட்டரைப் புதிதாக டிரிம் செய்த பிறகுதான் சோதனை. இல்லாவிட்டால் பழைய டிரிம்மைத்தான் சோதிக்கிறீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் முதல் விநாடித் துள்ளல் இருந்தால் டவுன் த்ரஸ்ட். மோட்டார் மவுண்ட்டின் மேல் ஸ்க்ரூக்கள் இரண்டுக்கும் பின்னால் 1 மி.மீ. வாஷர் வையுங்கள். மேல், கீழ் ஸ்க்ரூக்களுக்கு நடுவே 40 மி.மீ. என்றால் அது 1.4 டிகிரி. மொத்தம் 2, 3 டிகிரிக்கு மேல் போக வேண்டியது அபூர்வம். செங்குத்தாக மேலே இழுக்கும்போது இடது பக்கம் விலகினால், பின்னாலிருந்து பார்க்கும்போது இடது பக்கம் வரும் ஸ்க்ரூக்களுக்கு வாஷர். மோட்டார் வலது பார்க்கும்.

கேள்வி: 1.2 கிலோ விமானத்துக்கு எத்தனை வாட்? டைமர் எத்தனை நிமிடம்?

பதில்: டிரெயினருக்குக் கிலோவுக்கு 150 முதல் 200 வாட். உங்களுக்கு 180 முதல் 240. 3எஸ் பேட்டரி சுமையில் 11 வோல்ட் கொடுத்தால் 20 ஆம்பியரில் 220 வாட் வந்துவிடும். 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வசதியாகத் தாங்கும். வாட் மீட்டர் வைத்து அளக்கும்போது வாலைக் கட்டிவிட்டு, புரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள். அது சுழலும் தளத்துக்கு நேர் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

டைமருக்கு ஊகம் வேண்டாம். முதல் பறப்பு 4 நிமிடம். திரும்ப சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்.ஏ.எச். உள்ளே போனது என்று சார்ஜர் காட்டும். 900 போனால் நிமிடத்துக்கு 225. 2200இல் 80 சதவீதம் 1760, வகுத்தால் 7.8. டைமரை 7இல் வையுங்கள்.

கேள்வி: ரேஞ்ச் செக், ஃபெயில்சேஃப் இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ரேஞ்ச் செக் சிக்னல் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது. ஃபெயில்சேஃப் சிக்னல் போய்விட்டால் விமானம் என்ன செய்யும் என்பது. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலில் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால், த்ராட்டில் அடியில் இருக்கும்போது மறுபடி பைண்ட் செய்யுங்கள் (ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு இணையுங்கள்). பல ரிசீவர்கள் அந்த நிலையையே ஃபெயில்சேஃபாக எடுத்துக்கொள்ளும்.

ரேஞ்ச் செக் முறையில் ரேடியோவின் பலம் குறைக்கப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்களில் பொதுவாக 30 தப்படி தள்ளி நின்று எல்லாக் கட்டுப்பாடுகளும் தடுமாறாமல் அசைய வேண்டும். உங்கள் செட்டின் மேனுவல் வேறு தூரம் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றும் ஒரு முறை, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள ஓடியும் ஒரு முறை. ஓடும்போது மட்டும் தடுமாறினால் ரிசீவரை இ.எஸ்.சி.யிலிருந்து தள்ளி வையுங்கள். ஆண்டெனா வயரின் நுனியில் உறை நீங்கிய 31 மி.மீ.தான் வேலை செய்யும் பகுதி. அது வளையாமல், கார்பன் ஃபைபரையும் பேட்டரியையும் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக.

கேள்வி: வேகமாக இறங்கும்போது வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம்.

பதில்: ஃப்ளட்டர். ஏலரானோ எலவேட்டரோ நடுங்குகிறது. கேட்ட அந்த நொடியே த்ராட்டிலைக் குறைத்து, மெதுவாக மூக்கை நிமிர்த்தி, தரையிறக்குங்கள். சர்வோ இயங்கும் நிலையில் பின்விளிம்பை விரலால் ஆட்டிப் பாருங்கள்: 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் எங்கோ தளர்வு. க்ளெவிஸ் ஊசியைவிடப் பெரிதான துளை, நடுவில் தாங்கல் இல்லாமல் வளையும் புஷ்ராட், பிய்ந்த கீல், சர்வோவின் பல் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு முறை ஃப்ளட்டர் ஆன சர்வோவின் பற்களை நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முதல் பறப்பு நன்றாக முடிந்தது. எலவேட்டர் டிரிம் 8 கிளிக் மேலே நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: பறக்கும், ஆனால் விடாதீர்கள். ரேடியோவை அணைக்காமல் எலவேட்டர் பின்விளிம்பு வால் பலகையிலிருந்து எத்தனை மி.மீ. மேலே நிற்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிரிம்மைப் பூஜ்யமாக்குங்கள். க்ளெவிஸைக் கழற்றி, அதே அளவு மேலே வரும்வரை திருகுங்கள். 2 மி.மீ. மரையில் ஒரு சுற்று 0.4 மி.மீ.; ஹார்ன் துளை கீலிலிருந்து 16 மி.மீ., எலவேட்டர் அகலம் 40 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்குப் பின்விளிம்பு 1 மி.மீ. நகரும். அளந்தது 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் க்ளெவிஸைத் தொடாமல் சி.ஜி.யை மறுபடி பாருங்கள். மூக்கு கனமாக இருக்கும்.